பெர்ட்சோலாரிகள்: பாஸ்க் நாட்டில் நின்ற இடத்தில் பாட்டுக் கட்டுபவர்கள்

கரைவழி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வேலை நிமித்தமாகப் பில்பாவ் நகரத்துக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. ஊர் வட ஸ்பெயினில் இருக்கிறது, ஆனால் இங்குள்ளவர்கள் அதைப் பாஸ்க் நாடு என்றுதான் சொல்வார்கள். வந்த புதிதில் அலுவலக நண்பர் ஒருவர் இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்துப்போனார். எர்நானிக்குப் பக்கத்தில் அஸ்டிகர்ராகா என்று ஒரு ஊர். அங்கே ஆப்பிள் மது வடிக்கும் கூடங்கள் நிறைய. நீளமான மரமேசைகள், உப்பிட்ட காட் மீன் போட்ட முட்டை அடை, சுட்ட மாட்டிறைச்சி. மதுவும் பெரிய பீப்பாயிலிருந்து நேராகக் கண்ணாடித் தம்ளரில் பீய்ச்சி அடிக்கும். ஒரே இரைச்சல்.

சாப்பாடு முடியும் நேரத்தில் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். வாத்தியம் எதுவும் இல்லை, கையில் தாளும் இல்லை. மூன்றாவதாக ஒருவர் ஒரு சூழ்நிலையைச் சொன்னார்: நீ மகன், வீட்டை விற்றுவிட்டு நகரத்துக்குப் போக நினைக்கிறாய். நீ அப்பா, உனக்கு இன்னும் விஷயம் தெரியாது. அவ்வளவுதான். அதுவரை மேசையைத் தட்டிக்கொண்டிருந்த கூட்டம் சட்டென்று அடங்கியது. 'மகன்' கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்கோ மேலே பார்த்தார். சில நொடிகள் கழித்துப் பாட ஆரம்பித்தார். எட்டு வரி. கடைசி இரண்டு வரியைக் கூடம் முழுக்கத் திருப்பிப் பாடியது. அது முடிவதற்குள் 'அப்பா' பதிலைத் தயார் செய்துவிட்டார்.

எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனாலும் மயிர்க்கூச்செறிந்தது. வயதானவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் இந்த மொழியைப் படிப்பது என்று முடிவு செய்தேன்.

இந்தப் பாட்டுக்குப் பெர்ட்சோ என்று பெயர், பாடுபவர் பெர்ட்சோலாரி. இதைப் பற்றித் தமிழில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன், என் கண்ணில் படவில்லை. அதனால் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.

நெல்லைச்செல்வன்

நல்ல இழை. ஆனால் ஒரு சந்தேகம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உண்மையிலேயே அந்த இடத்தில் கட்டுகிறார்களா? வீட்டிலேயே நூறு பாட்டு எழுதி மனப்பாடம் செய்துகொண்டு வந்து, தலைப்புக்கு ஏற்றபடி மாற்றிப் பாடலாமே. நம்மூர்ப் பட்டிமன்ற மேடையில் 'இப்போதுதான் தோன்றியது' என்று சொல்லப்படும் கவிதை பல, ஏற்கெனவே பத்து மேடையில் கேட்டதாக இருக்கும்.

கரைவழி

செல்வன், நானும் இதையே என் நண்பரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, போட்டி எப்படி நடக்கிறது என்று பொறுமையாக விளக்கினார்.

தலைப்பைச் சொல்பவர் தனி ஆள். அவர் மேடையில் சொல்லும்வரை பாடகர்களுக்குத் தெரியாது. அதோடு எந்த யாப்பில் பாட வேண்டும் என்பதையும் அவர்தான் சொல்வார். இரண்டு பேரை எதிரெதிர்ப் பாத்திரமாக்கிப் பாடவிடுவது ஒரு வகை. அதில் நீங்கள் மனப்பாடம் செய்து வந்தாலும் பயனில்லை, எதிரில் நிற்பவர் என்ன சொல்வார் என்று தெரியாதே. முதல் அடியைக் கொடுத்து மீதியை முடிக்கச் சொல்வது இன்னொரு வகை. ஒலியொப்பு வரவேண்டிய நான்கு சொற்களை மட்டும் கொடுத்து, அவற்றை இறுதியில் வைத்துப் பாடச் சொல்வதும் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது 'சிறைத் தலைப்பு'. எல்லாப் பாடகர்களையும் வெளியே ஓர் அறையில் அடைத்துவிடுவார்கள், மேடையில் நடப்பது காதில் விழாதபடி. பிறகு ஒவ்வொருவராக அழைத்து ஒரே தலைப்பைக் கொடுப்பார்கள். யாப்பு அவரவர் விருப்பம். ஆளுக்கு மூன்று பாட்டு. அரங்கத்தில் இருப்பவர்களுக்குத் தலைப்பு தெரியும், முந்தையவர் என்ன பாடினார் என்பதும் தெரியும். உள்ளே வருபவருக்கு எதுவும் தெரியாது. ஒரே விதை, வேறு வேறு மண். அதைக் கேட்டவர்களுக்கு இந்தச் சந்தேகம் தானாகத் தீர்ந்துவிடும்.

தஞ்சை தமிழாசிரியர்

தம்பி, படித்ததும் பழைய நினைவெல்லாம் வந்துவிட்டது. எங்கள் பக்கம் மாசி மாதக் காமன் பண்டிகையில் லாவணி நடக்கும். மன்மதன் எரிந்தான் என்று எரிந்த கட்சி பாடும், எரியவில்லை என்று எரியாத கட்சி மறுக்கும். விடிய விடிய டேப்பு அடித்துக் கேள்வியும் பதிலுமாக ஓடும். சிறு வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

யாப்பைப் பற்றிச் சொல்லுங்களேன். அசை, சீர் கணக்கு உண்டா? எதுகை மோனை உண்டா?

கரைவழி

ஐயா, உங்களைப் போன்றவர் கேட்கும்போது கொஞ்சம் பயத்தோடுதான் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள்.

அசை பிரிப்பதில்லை, உயிரொலிகளைத்தான் எண்ணுகிறார்கள். நம் முறையில் சொன்னால், மெய்யைத் தள்ளிவிட்டு உயிரையும் உயிர்மெய்யையும் எண்ணுவது. அதிகம் வழங்கும் யாப்புகளில் ஒன்று 'சிறிய எட்டடி', சோர்ட்சிக்கோ சிக்கியா என்பார்கள். 7, 6, 7, 6 என்று எட்டு வரி. 6 வருகிற நான்கு வரியும் ஒரே ஒலியில் முடிய வேண்டும். 'பெரிய எட்டடி'யில் 10, 8 என்று வரும். பத்தடியும் இருக்கிறது. ஒன்பது ஒலியொப்புகளைக் கேட்கிற ஒரு கடினமான வகையும் உண்டு, அதில் மூச்சும் நினைவும் ஒன்றாகத் திணறும்.

எதுகையும் மோனையும் விதியாக இல்லை. இயைபுதான் எல்லாம். வரியின் கடைசியில் வரும் இந்த ஒலியொப்பைப் 'புந்து' என்கிறார்கள்.

இனிமேல் சொல்வது உங்களுக்குப் பிடிக்கும். அவர்களுடைய ஒலியொப்பில் எழுத்து அப்படியே ஒத்துவர வேண்டியதில்லை. ப, த, க மூன்றின் வல்லோசையும் ஒரு குடும்பம், ஒன்றுக்கு ஒன்று பொருந்தும். அவற்றின் மெல்லிய ஒலிப்புகளோடு ரகரம் சேர்ந்து இன்னொரு குடும்பம். மூக்கொலிகள் வேறொன்று. வகுப்பில் இதைக் கேட்டதும் எனக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த இன எதுகை ஞாபகம் வந்தது.

தஞ்சை தமிழாசிரியர்

அருமை! வல்லின எதுகை, மெல்லின எதுகை, இடையின எதுகை என்று யாப்பருங்கலக்காரிகை என்ற யாப்பு நூலில் வருவது அதுதான். காது எந்த ஒலிகளை உறவாக எடுத்துக்கொள்கிறது என்பதை இரண்டு ஊர்க்காரர்களும் கேட்டுக் கேட்டே கண்டுபிடித்திருக்கிறார்கள். நாற்பது வருடம் இதைப் பாடம் நடத்தினேன். வேறு மொழியில் இப்படி ஒன்று இருக்கும் என்று நினைத்ததில்லை.

பரணி

பாஸ்க் மொழிக்கும் தமிழுக்கும் தொடர்பு உண்டு என்று எங்கோ படித்தேன். அம்மாவுக்கு அங்கேயும் 'அமா' தானாமே? விகுதி மேல் விகுதி சேர்வதும் நம்மைப் போலவே. அப்படியானால் இந்த இன எதுகையும் அங்கிருந்து...

கரைவழி

பரணி, 'அமா' என்பது உண்மைதான். ஆனால் அம்மாவுக்கு மகரம் உலகம் முழுக்க வரும், குழந்தை வாய்க்கு அது எளிது. எயுஸ்காரா, அதாவது பாஸ்க் மொழி, எந்த மொழிக்குடும்பத்தோடும் சேராத தனிமொழி. அதைப் பலவற்றோடு இணைத்துப் பார்த்திருக்கிறார்கள், திராவிட மொழிகளும் அதில் உண்டு. எதுவும் நிலைக்கவில்லை. விகுதி ஒட்டிக்கொண்டே போகும் மொழிகள் உலகில் ஏராளம்.

சொந்தம் இல்லாமலேயே ஒத்துப்போவதுதான் எனக்கு அதிசயமாக இருக்கிறது. இன்னொன்று சொல்கிறேன். நாம் நெருங்கியவரிடம் 'வந்தேன்டா', 'வந்தேன்டி' என்கிறோமே, பேச்சைக் கேட்பவர் ஆணா பெண்ணா என்பது வினையோடு ஒட்டிக்கொள்கிறது. எயுஸ்காராவிலும் மிக நெருக்கமான பேச்சில் வினைச்சொல்லே அப்படி மாறும்.

இதை வைத்து லஸ்காவ் சிக்கி என்ற பெர்ட்சோலாரி பாடியது புகழ்பெற்றது. குள்ளமான மனிதர், பண்ணை வீட்டுக்காரர், 1993-இல் இறந்துபோனார். வயதான காலத்தில் ஒரு மேடையில் அவர் கையில் ஒரு முகக்கண்ணாடியைக் கொடுத்து, இதுதான் தலைப்பு, பாடு என்றார்கள். அவர் கண்ணாடிக்குள் தெரிந்த ஆளைப் பார்த்து, 'ஏண்டா பையா' என்கிற அந்த நெருக்கமான வினைவடிவத்தில் பேச ஆரம்பித்துவிட்டார். தோல் சுருங்கிவிட்டது, வயசாகிவிட்டது, ஒரு காலத்தில் நீ அழகாகத்தான் இருந்தாய் என்ற பொருளில் முடிகிறது. தன் பெயரையே சொல்லித் தன்னையே 'டா' போட்டுப் பாடுகிறார். நண்பர் இதை எனக்கு வரிவரியாக விளக்கினார். விளக்கி முடித்த பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அருணா

நான் பாட்டு எழுதுபவள் இல்லை, ஆனால் கேட்பவள். வரி எண்ணிக்கையும் ஒலியொப்பும் பார்த்துக்கொண்டே, பொருளும் சொல்லி, எதிராளிக்குப் பதிலும் கொடுப்பது எப்படி? மூளைக்குள் என்ன நடக்கிறது?

கரைவழி

அருணா, இதற்கு அவர்களே விடை சொல்லியிருக்கிறார்கள். கடைசியை முதலில் யோசிக்கிறார்கள்.

அந்தோனி எகான்யா என்பவர் 1993, 1997, 2001, 2005 என்று பாஸ்க் நாட்டுத் தேசியப் போட்டியில் தொடர்ந்து நான்கு முறை பட்டம் வென்றவர். பாடுவதோடு நிற்காமல், இந்தக் கலை எப்படி வேலை செய்கிறது என்று எழுதியும் வருபவர். தலைப்பைக் கேட்டதும் பெர்ட்சோலாரி தேடுவது தன் வாதத்தின் உச்சத்தை. அதை இறுதி வரியில் வைக்கிறார். அந்த வரியின் கடைசிச் சொல் எந்த ஒலியில் முடிகிறதோ அந்த ஒலிக் குடும்பத்திலிருந்து மற்ற மூன்று சொற்களை எடுக்கிறார். பிறகு முதல் வரியிலிருந்து பாடிக்கொண்டே இடைவெளியை நிரப்புகிறார். கேட்பவருக்குப் பாட்டு முன்னே போகிறது, பாடுபவருக்கு அது முன்பே தெரிந்த ஒரு வாசலை நோக்கி நடப்பது.

மெட்டும் கைகொடுக்கிறது. மெட்டு புதிதாகக் கட்டப்படுவது குறைவு. தலைமுறையாக வந்த ஆயிரக்கணக்கான மெட்டுகள் இருக்கின்றன, எந்த மெட்டில் எத்தனை எழுத்து என்பது உடம்பில் ஊறியிருக்கும். விரல்விட்டு எண்ணுவதில்லை.

ஒரு குற்றமும் உண்டு, 'பொத்தோ' என்று பெயர். ஒரே பாட்டில் ஒரே சொல்லை அதே பொருளில் இரண்டு முறை ஒலியொப்புக்கு வைத்துவிட்டால் பொத்தோ. அரங்கத்தில் சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும்.

நெல்லைச்செல்வன்

சரி, மனப்பாடம் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் வேறொன்று கேட்கிறேன். சில நொடியில் கட்டிய பாட்டில் எவ்வளவு ஆழம் இருக்க முடியும்? காளமேகத்தின் ஆசுகவியில் சொல் விளையாட்டுக்கு வியக்கிறோம். அதைச் சங்கப் பாட்டோடு யாரும் வைப்பதில்லை. எழுதி, அடித்து, திருத்தி எழுதுவதுதான் கவிதை என்பது என் எண்ணம்.

கரைவழி

இந்தக் கேள்விக்குத் தத்துவமாகப் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

1967 ஜூன், சான் செபாஸ்டியன் நகரம், பந்தாட்டக் கூடம் ஒன்றில் இறுதிப்போட்டி. உஸ்டபிடே அப்போது எல்லோருக்கும் செல்லப்பிள்ளை, 1962-இலும் 1965-இலும் வென்றவர். அவரோடு கடைசிச் சுற்றில் மோதுவதற்கு நடுவர்கள் ஷல்படோரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஷல்படோர் ஓர் ஆட்டிடையர். எல்லைக்கு அந்தப் பக்கம், பிரான்ஸில் உள்ள உரெபெலே என்ற மலைக்கிராமம். அவருடைய வட்டார வழக்கு இந்தப் பக்கத்து மக்களுக்குச் சரியாகப் புரியாது. கூட்டத்துக்கு வேறு ஆள்மேல் ஆசை. பெயரைச் சொன்னதும் சீட்டியடித்துக் கூச்சலிட ஆரம்பித்தார்கள். அடங்கவே இல்லை.

அவர் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து நின்றார். பாடினார். சகோதர சகோதரிகளே, நான் விரும்பி இங்கே நிற்கிறேன் என்று நினைக்காதீர்கள், ஓரமாக நின்று பார்த்திருந்தால் இன்னும் சந்தோஷமாக இருந்திருப்பேன், உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அதில் என் குற்றம் என்ன என்று கேட்டுக்கொண்டே போய், கடைசியில்: சீட்டியடித்தீர்கள், ஆனாலும் உங்களை இன்னும் நேசிக்கிறேன்.

அந்தக் கடைசிச் சொல் விழுந்ததும் கூடம் கைதட்டலில் அதிர்ந்தது. நிறுத்தவே இல்லை. அந்த ஒலிப்பதிவு இருக்கிறது, கேட்டிருக்கிறேன். சீட்டியும் கைதட்டலும் ஒரே கூட்டத்துடையவை, நடுவில் இருப்பது ஒரே ஒரு பாட்டு. பட்டம் உஸ்டபிடேவுக்குத்தான் போனது. ஆனால் ஐம்பது வருடம் தாண்டியும் மக்கள் வாயில் இருப்பது ஷல்படோரின் பாட்டு.

செல்வன், இதை அடித்துத் திருத்தி எழுதியிருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்கலாம். ஆனால் திருத்தி முடிப்பதற்குள் கூட்டம் கலைந்திருக்கும். இது அந்தக் கூட்டத்துக்கு, அந்த நிமிடத்துக்கு. தாளில் படிக்கும்போது பாதிதான் வருகிறது.

அவர் இறப்பும் அப்படியே. 1976 நவம்பரில் சொந்த ஊரில் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். அந்த விழா நாளிலேயே உயிர் பிரிந்தது.

சுடர்க்கொடி

இழையை இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். ஷல்படோர் கதையில் தொண்டை அடைத்துவிட்டது.

எனக்கு ஒன்று உறுத்துகிறது. இதுவரை சொன்ன எல்லோரும் ஆண்கள். கூடத்தில், மது மேசையில், ஆண்கள் எழுந்து நின்று பாடுகிறார்கள். பெண்கள் எங்கே இருந்தார்கள்?

கரைவழி

சரியான கேள்வி அக்கா. இருந்தார்கள், தடுக்கப்பட்டார்கள். 1452-ஆம் வருடத்து பிஸ்காயா மாகாணச் சட்டத்தில், அக்கம்பக்கத்தைக் கலக்கி ஊர்மேல் அவதூறுப் பாட்டுக் கட்டும் 'வெட்கம் கெட்ட பெண்களை'ப் பற்றி ஒரு விதியே இருக்கிறது. தண்டிக்கச் சட்டம் போடுகிறார்கள் என்றால், பாடிக்கொண்டிருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? அதன்பிறகு பொது இடம் என்பது மதுக்கடையும் ஊர்ச்சதுக்கமும் என்றாகிவிட்டது. அடுப்படியில் பாடியதை யாரும் எழுதி வைக்கவில்லை.

1980-களில்தான் கிறிஸ்டினா மார்தராஸ் போன்றவர்கள் மேடை ஏறினார்கள். முதல் முறையாக ஒரு பெண் தேசியப் பட்டம் வென்றது 2009-இல். மயாலென் லுஹான்பியோ. எர்நானிக்காரர், அதே ஊர்ப்பக்கம் பிறந்த சிர்ரீட்டா என்ற பழைய மேதை 1936-இல் வென்றார். மயாலென் மறுபடி 2017-இலும் 2022-இலும் வென்றார்.

பரிசு பணமோ கோப்பையோ இல்லை, சப்பேலா என்கிற கம்பளித் தொப்பி. அகலமாகக் கறுப்பு நிறத்தில் இருக்கும். பட்டம் வென்றவரைத் 'தொப்பிக்காரர்' என்றுதான் அவர்கள் மொழியில் சொல்கிறார்கள். 2009-இல் அந்தத் தொப்பி தலையில் ஏறியதும் வழக்கப்படி ஒரு விடைபெறும் பாட்டுப் பாட வேண்டும். மயாலென் அதில் அந்தக் காலத்துப் பாட்டிகளை நினைத்தார். தலையில் துணியை மடித்து வைத்து அதன்மேல் சலவைச் சுமை ஏற்றிப் போன பாட்டிகள், அப்புறம் இன்றைய அம்மாக்கள், மகள்கள். தலையில் தொப்பியோடு நின்றுகொண்டு, அதே தலையில் சுமை வைத்தவர்களைப் பாடினார். முன்கூட்டியே எழுதினால்கூட இப்படி ஓர் இடம் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

சுடர்க்கொடி

சும்மாடு! நாம் அதைச் சும்மாடு என்போம். என் ஆச்சி தண்ணீர்க் குடத்துக்கு வைப்பார். நன்றி தம்பி, இதை என் மகளிடம் சொல்லப் போகிறேன்.

தஞ்சை தமிழாசிரியர்

ஒன்று கேட்க வேண்டும். எங்கள் லாவணி மெலிந்துவிட்டது. இப்போது பாடுபவர்கள் சொற்பம், விடியும்வரை உட்கார்ந்து கேட்பவர்கள் அதைவிடச் சொற்பம். அங்கே எப்படி நிற்கிறது? சின்ன மொழிதானே?

கரைவழி

ஐயா, இதைச் சொல்லத்தான் இந்த இழையையே தொடங்கினேன்.

பேசுபவர்கள் ஏழரை லட்சம் அளவில்தான். 1936-இல் உள்நாட்டுப் போர் வந்தபோது எல்லாம் அறுந்தது. அதற்கு முந்தைய வருடம்தான், 1935 ஜனவரியில், முதல் தேசியப் போட்டி நடந்தது. அதற்குப் பின்னால் நின்று உழைத்தவர் ஐட்சோல் என்ற புனைபெயருள்ள பாதிரியார். பின்னால் ஸ்பெயினின் சர்வாதிகாரியான பிரான்கோவின் படையினர் அவரை 1936 அக்டோபரில் எர்நானி கல்லறைத் தோட்டத்தில் சுட்டுக் கொன்றார்கள். மொழியே பொது இடத்தில் ஒடுக்கப்பட்டது. போருக்குப் பிறகு அடுத்த போட்டி நடக்க 1960 ஆனது. அப்போதும் நிம்மதி இல்லை. யோன் லோபதேகி போன்றவர்கள் மேடையில் பாடியதற்காக அபராதம் கட்டினார்கள். 1967-க்குப் பிறகு மறுபடி பதின்மூன்று வருட இடைவெளி.

1980-இல் வென்றவர் ஷபியேர் அமுரிசா. அதற்கு முன் அவர் பாதிரியார். ஆட்சியை எதிர்த்ததற்காகச் சமோரா நகரச் சிறையில், பாதிரியார்களுக்கென்றே ஒதுக்கிய பகுதியில் இருந்தவர். அங்கே அவர் இந்தக் கலையைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறார். அதுவரை 'பெர்ட்சோலாரி பிறக்கிறான், அவனை உருவாக்க முடியாது' என்று நம்பினார்கள். இல்லை, இது கற்றுக்கொடுக்கக்கூடியது என்றார் அமுரிசா. ஒலியொப்புச் சொற்களுக்கு அகராதி தொகுத்து 1981-இல் வெளியிட்டார். சிறுவர்களைக் கூட்டி வைத்துக் கற்றுக்கொடுத்தார். அதிலிருந்து ஊர் ஊராகப் பெர்ட்சோப் பள்ளிகள் முளைத்தன. பெரும்பாலானவை வாரம் ஒருமுறை மாலையில் கூடும் சின்னக் குழுக்கள். பின்னால் பொதுப் பள்ளிகளின் பாட நேரத்துக்குள்ளும் நுழைந்தது. 1987-இல் ஆர்வலர் சங்கம் உருவானது, 1991-இல் ஆவணக் காப்பகம்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளில் மேடை ஏறுபவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் என்ன ஆகிறார்கள்? கேட்பவர்கள் ஆகிறார்கள். எட்டு வரி கட்டிப் பார்த்த ஒருவருக்குத்தான் அடுத்தவர் கட்டும்போது எங்கே வழுக்கும் என்று தெரியும்.

2017 டிசம்பரில் பரகால்டோ கண்காட்சி வளாகத்தில் இறுதிப்போட்டிக்குப் போயிருந்தேன். 14,000 பேருக்கு மேல். பணம் கொடுத்துச் சீட்டு வாங்கிக் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் மதியச் சாப்பாட்டு இடைவேளை. மேடையில் எட்டு நாற்காலி, ஒலிவாங்கி, அவ்வளவுதான். வாண வேடிக்கை எதுவும் இல்லை. பாடகர் யோசிக்கும் அந்தச் சில நொடிகளில் அவ்வளவு பெரிய கொட்டகையில் ஒரு இருமல் சத்தம் தனியாகக் கேட்கும்.

எனக்கு முன் வரிசையில் பத்து வயதுப் பெண் குழந்தை ஒன்று, அப்பாவோடு. பாட்டின் ஆறாவது வரி போகும்போது அவள் உதடு அசைய ஆரம்பிக்கும். கடைசிச் சொல் வரும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. பாடகரோடு சேர்ந்தே அந்தச் சொல்லைச் சொல்கிறாள். ஒருமுறை பாடகர் அவள் நினைத்த சொல்லை விட்டு வேறு சொல்லில் முடித்தார். அவள் 'ஓ' என்று அப்பாவைத் திரும்பிப் பார்த்த முகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. தன் சொல்லைவிட அது நல்ல சொல் என்று புரிந்துகொண்ட முகம்.

தஞ்சை தமிழாசிரியர்

தம்பி, இரண்டு முறை படித்தேன். நாங்கள் வாத்தியார்கள் யாப்பை அலகிடத்தான் சொல்லிக்கொடுத்தோம். தேமா புளிமா எழுதினால் மதிப்பெண் போட்டோம். ஒரு வெண்பாவாவது கட்டிப் பார் என்று நான் எந்த வகுப்பிலும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

பரணி

ஐயா, நான் கட்டிப் பார்க்கிறேன். கரைவழி சொன்ன 7, 6 கணக்கு. தலைப்பு நானே வைத்துக்கொண்டேன்: கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவர். அவர் சொன்னபடி முதலில் கடைசி வரியைப் பிடித்தேன். 'வென்றது' என்று வந்தது. பிறகு மேலே போனேன்.

ஓடி ஓடி வந்தேனே
பஸ் முன்னே சென்றது;
கடைசி பஸ்ஸும் என்னை
மறந்து சென்றது;
நடந்த மூன்று மைலும்
செருப்பைத் தின்றது;
வாசல் இருளை அம்மா
விளக்கு வென்றது.

நாற்பது நிமிடம் ஆனது, தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு. அவர்களுக்குச் சில நொடிகள்!

அருணா

பொத்தோ! 'சென்றது' இரண்டு முறை வந்திருக்கிறது, இரண்டும் ஒரே பொருள்.

கரைவழி

அருணா முந்திக்கொண்டார். பரணி, எண்ணிப் பார்த்தேன், எழுத்துக் கணக்கு எல்லா வரியிலும் சரி. 'செருப்பைத் தின்றது' எனக்கு ரொம்பப் பிடித்தது. கடைசி இரண்டு வரியை இங்கேயுள்ள கூடத்தில் பாடினால் திருப்பிப் பாடியிருப்பார்கள். இரண்டாவது வரியை மட்டும் மாற்றுங்கள்.

பரணி

'புழுதி நின்றது' என்று வைத்தால்?

நெல்லைச்செல்வன்

அது முன்னதைவிட மிக நல்ல வரி. ஓடி வந்தவனுக்கு அங்கே நிற்பது புழுதி மட்டும். பொத்தோ விதி இல்லாவிட்டால் இந்த வரி கிடைத்திருக்காது. ஆழம் எங்கிருந்து வரும் என்று கேட்டவன் நான், இப்போது யோசிக்கிறேன்.

கரைவழி

அங்கே வழக்கம் என்னவென்றால், ஒருவர் பாடினால் எதிரில் இன்னொருவர் நிற்க வேண்டும். பரணி பேருந்தை விட்டவர். ஓட்டுநர் யார்? யாராவது வருகிறீர்களா? மெட்டு, யாப்பு அதேதான், ஒலியொப்பு உங்கள் விருப்பம்.

அருணா

பாட்டு எழுதுபவள் இல்லை என்று மேலே சொன்னேன். ஆனாலும் ராத்திரி படுத்த பிறகு இதுவே ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் மறந்துவிட்டுப் போனதாகப் பரணி சொல்கிறார். அவர் மறக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. கடைசிச் சொல் 'சுட்டது' என்று முதலில் கிடைத்தது.

மணி ஒன்பதும் ஆச்சு
விசிலும் கேட்டது;
கண்ணாடியில் உன் கையும்
மங்கலாய்ப் பட்டது;
பிரேக்கில் வைத்த காலும்
பாதியில் விட்டது;
வீடு சேர்ந்தும் அந்தக் கை
நெஞ்சினைச் சுட்டது.

பரணி

எனக்குப் பதில் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கொடுங்கள்.